இரு பக்கமும் நிற்கத் தெரிந்தவர்

வியாழக்கிழமை காலையில் பாடி திருவலிதாயம் கோயிலுக்குப் போனால் குரு பகவான் சந்நிதி முன்னால் வரிசை நிற்கும். மகளின் ஜாதகத்தைக் கைப்பைக்குள் வைத்திருக்கும் அம்மாக்கள், முப்பதைத் தாண்டிய மகனை வற்புறுத்தி அழைத்துவந்த அப்பாக்கள், கொண்டைக்கடலை மாலையோடு நிற்கும் பெண்கள். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. குரு இங்கே சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்வதால், கல்யாணத் தடை நீங்க வேண்டிக்கொள்ளும் இடமாக மேற்குச் சென்னை முழுக்கப் பெயர் பெற்றிருக்கிறது. கல்யாணம் கைகூட எங்கே போக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். கைகூடிய கல்யாணம் கசந்துபோனால் எங்கே போவது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

முதலில் வீட்டுக்குள்ளேயே பேச்சு. பெண்ணின் தாய்மாமா, பையனின் சித்தப்பா, சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் என்று ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்காருவார்கள். அங்கே முடியாவிட்டால் மகளிர் காவல் நிலையம். 1992-இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்று பல குடும்பங்களுக்கு இரண்டாவது படி. மூன்றாவது படி வக்கீல். சிலர் பாதிரியாரிடம் போகிறார்கள், சிலர் ஜமாஅத்திடம். இத்தனை இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தப்பு யார் மேல?"

இந்தக் கேள்வியோடு பேச்சு தொடங்கினால் கணவனும் மனைவியும் சாட்சி சேர்க்கத்தான் செய்வார்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய பொங்கல் சீர் வெளியே வரும். "அன்னைக்கு நீ என்ன சொன்னே" என்று தேதியோடு ஒப்பிப்பார்கள். தம்பதிகளோடு வேலை செய்யும் உளவியல் சிகிச்சையாளர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவருடைய தொழில் அந்த இடத்தில்தான் மற்றவர்களிடமிருந்து பிரிகிறது. "கவுன்சலிங் போயிட்டு வாங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போகிற இடத்தில் என்ன நடக்க வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

பலகை மாட்டியவர் எல்லாரும்…

எம்.டி.எச். ரோட்டிலிருந்து கொரட்டூர், முகப்பேர், அண்ணா நகர் மேற்கு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் 'குடும்ப ஆலோசனை' என்ற பலகை கண்ணில் படும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். திருமண ஆலோசகர் என்று போட்டுக்கொள்ள அப்படித் தனி உரிமம் எதுவும் கட்டாயமாக இருந்ததில்லை. 2021-இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அந்தப் பதிவுமுறை இன்னும் முழுதாகக் காலூன்றவில்லை. அதுவரைக்கும் ஆறு மாத ஆன்லைன் படிப்பு முடித்தவரும், பத்து வருஷம் மருத்துவமனையில் பழகியவரும் ஒரே மாதிரிப் பலகையின் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, ஏற்கெனவே நொந்துபோய் வரும் தம்பதியின் தலையில் விழுகிறது.

நீதிமன்றத்திலும் ஆலோசகர் உண்டு. 1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கை விசாரிப்பதற்கு முன் இருவரையும் இணைத்துவைக்க முயல வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த தமிழ்நாடு சமரச மையம் 2005-இல் தொடங்கியது; நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டுக்கே அது முன்னோடி. ஆனால் அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் மனு போட்டாயிற்று, நகைப் பட்டியல் எழுதியாயிற்று. சமரசம் செய்பவர் இருவரும் கையெழுத்துப் போடக்கூடிய ஒரு காகிதத்தை நோக்கிப் பேச்சை நடத்துகிறார். சிகிச்சையாளர் கையில் அப்படிக் காகிதம் ஏதும் இல்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய வேலைப்பரப்பு.

மொட்டை மாடியும் சமையலறையும்

ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். செந்தில், கவிதா என்று பெயர் வைப்போம். இவர்கள் எந்தக் குறிப்பிட்ட வீட்டாரும் இல்லை. பாடியில் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர்கள். செந்திலுக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. ஒரு வாரம் பர்ஸ்ட் ஷிப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் நைட். கவிதா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பில்லிங் பார்க்கும் நிறுவனத்தில் இருக்கிறாள். மாலையில் கிளம்பினால் கேப் வீட்டில் இறக்கிவிடும்போது அதிகாலை மூன்று மணி. மகள் யு.கே.ஜி. செந்திலின் அம்மா உடன் இருக்கிறார். இரண்டு அறைப் போர்ஷன்.

சிகிச்சையாளர் முன்னால் கவிதா சொல்கிறாள்: "இவர் வீட்ல இருந்தாலும் இல்லாத மாதிரிதான் மேடம். ஏதாவது கேட்டா எழுந்து மாடிக்குப் போயிடுவாரு."

செந்தில் சொல்கிறான்: "வாயைத் திறந்தா சண்டை. அதான் போயிடறேன்."

தாய்மாமாவாக இருந்தால் இந்த இடத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். "ஏம்ப்பா, பொண்டாட்டி பேசறப்போ உக்காந்து கேக்கணும்." அல்லது, "ஏம்மா, வேலை முடிஞ்சு வர்ற மனுஷனைக் கொஞ்சம் மூச்சு விட விடு." இரண்டுமே நல்ல அறிவுரைதான். இரண்டுமே வீடு போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துவிடும். சிகிச்சையாளர் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் உள்ள இழையைப் பார்க்கிறார். அவள் கேட்கக் கேட்க அவன் விலகுகிறான். அவன் விலக விலக அவள் குரல் உயர்கிறது. யார் ஆரம்பித்தது என்று தேடினால் முனையே கிடைக்காது. இதை இருவர் முன்னாலும், இருவருக்கும் வலிக்காத வார்த்தையில் எடுத்து வைப்பதுதான் முதல் திறமை. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இப்படி ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. அதுல நீங்க ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்று அவர் சொல்லும்போது, குற்றவாளிக் கூண்டிலிருந்து இருவரும் இறங்குகிறார்கள்; சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பழக்கம் ஏறிக்கொள்கிறது.

இந்தத் துரத்தலையும் விலகலையும் அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் நீண்ட காலம் ஆராய்ந்தார். பெண் என்றால் நச்சரிப்பாள், ஆண் என்றால் ஊமையாக இருப்பான் என்று பொதுவாகச் சொல்வார்கள் அல்லவா? 1990-இல் சக ஆய்வாளர் ஹீவியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு அதை அப்படியே ஏற்கவில்லை. மனைவி மாற்றம் கேட்கும் விஷயத்தில் மனைவிதான் அதிகம் துரத்துகிறாள். கணவன் மாற்றம் கேட்கும் விஷயத்தில் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. யாருக்கு இப்போதிருக்கும் ஏற்பாடு வலிக்கிறதோ அவர்தான் பேச்சை எடுத்துக்கொண்டே இருப்பார். கவிதாவுக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்காமல் அவளை 'நச்சு' என்று முத்திரை குத்துவது சிகிச்சையாகாது.

கனடாவில் 1980-களில் சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பர்க்கும் உருவாக்கிய முறை இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. 2024-இல் காலமான ஜான்சன், கணவன்-மனைவி சண்டையின் அடியில் குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள அதே பயம் இருப்பதாகக் கருதினார்: 'நீ எனக்கு இருக்கிறாயா, கூப்பிட்டால் வருவாயா?' ஆகவே சிகிச்சையாளர் மேலே தெரியும் கோபத்தோடு நின்றுவிடுவதில்லை. செந்திலிடம் மெதுவாகக் கேட்கிறார்: "நீங்க மாடிக்குப் போற அந்த நிமிஷத்துல உள்ளுக்குள்ள என்ன ஓடுது?"

முதல் தடவை "தெரியல மேடம்" என்பதுதான் பதிலாக இருக்கும். இரண்டாவது தடவையும் அதுவே. அதைப் பிடிவாதம் என்று நினைக்கும் சிகிச்சையாளர் தோற்றுவிடுவார். பதினைந்து வயதிலிருந்து 'ஆம்பளைப் பையன் என்ன மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு' என்று கேட்டு வளர்ந்தவனுக்குத் தன் மனசுக்குள் நடப்பதைச் சொல்ல உண்மையிலேயே பேச்சு வராது. அவர் காத்திருக்கிறார். மௌனத்தைத் தன் பேச்சால் நிரப்பாமல் இருக்கிறார். நம் ஊரில் இது எளிதில் வராத வித்தை. இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்தாலே மூன்றாமவர் "சரி விடுங்க, காபி குடிங்க" என்போம். மூன்றாவதோ நாலாவதோ சந்திப்பில் அவன் சொல்லக்கூடும்: "அங்கயே நின்னா ஏதாச்சும் தப்பாப் பேசிடுவேன்னு பயம் மேடம். எங்கப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு."

சினிமாவாக இருந்தால் இங்கே கவிதா கண்கலங்க வேண்டும். நிஜத்தில் அவள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இங்க மட்டும் நல்லாப் பேசுவாரு. வீட்டுக்கு வந்து பாருங்க."

ஒரு சிகிச்சையாளரின் கையைப் பார்க்க வேண்டுமானால் இந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும். பல வருஷம் மூடிக்கிடந்தவன் ஒரு விரற்கடை திறந்திருக்கிறான். அந்த இடுக்கிலேயே அடி விழுந்திருக்கிறது. "அப்படிச் சொல்லாதீங்க கவிதா" என்று அதட்டினால் அவளை இழந்தாயிற்று. பேசாமல் விட்டால் அவனை இழந்தாயிற்று. தேர்ந்தவர் அவள் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமாக் காத்திருந்தும் கேக்காத ஒண்ணைத் திடீர்னு கேட்டா, நம்பறதுக்கு உங்களுக்குப் பயமாத்தானே இருக்கும்?" என்பார். அவளுடைய ஏளனத்தை ஏளனமாக எடுத்துக்கொள்ளாமல் அதற்குள் இருந்த பயத்தைத் தொடுகிறார். அதே மூச்சில் அவனையும் காப்பாற்றிவிடுகிறார். பிறகு அவனிடம்: "இப்போ என்கிட்ட சொன்னதை, அவங்களைப் பாத்துச் சொல்ல முடியுமா?" நம் தம்பதிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் மூன்றாமவரிடம் மணிக்கணக்கில் பேசுவார்கள். முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்வது அவர்களுக்கு மலை. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குடும்ப சிகிச்சையாளர் இவான் போசோர்மெனி-நாஜ் இதைப் பற்றி நிறைய யோசித்தவர். நடுநிலை என்ற பெயரில் யார் பக்கமும் போகாமல் இருந்தால் இருவருமே கைவிடப்பட்டவர்களாக உணர்வார்கள். ஆகவே ஒவ்வொருவர் பக்கமும் மாறி மாறி முழு மனதோடு போய் நிற்க வேண்டும் என்பது அவர் வழி. எனக்கு இந்தத் தொழிலின் உயிரே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. தராசு முள்போல அசையாமல் நிற்பவரிடம் யாரும் மனதைத் திறப்பதில்லை.

பேச்சை நிறுத்தத் தெரிய வேண்டும்

ஆலோசகர் என்றால் பொறுமையாகக் கேட்பவர் என்று நினைக்கிறோம். தனி ஆளுக்கு அது பொருந்தும். தம்பதியை எதிரெதிரே உட்காரவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால், வீட்டில் நடக்கும் சண்டை காசு கொடுத்து இங்கேயும் ஒரு முறை நடக்கும், அவ்வளவுதான். அமெரிக்க உளவியலாளர்கள் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் இருவரும் தம்பதிகளைப் பேசவைத்து, இதயத் துடிப்பை அளந்து, முகபாவத்தை நொடி நொடியாகப் பதிவு செய்தார்கள். 1986-இல் காட்மன் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். ஒரு வாக்குவாதம் எப்படி முடியும் என்பதை அதன் முதல் மூன்று நிமிடங்களே பெரும்பாலும் காட்டிவிடுகின்றன என்று அவர் ஆய்வு சொன்னது. உறவை அரிக்கும் நான்கு பழக்கங்களை அவர் பிரித்தார்: ஆளையே குறை சொல்வது, ஏளனம், தற்காப்பு வாதம், சுவர்போல் அடைத்துக்கொள்வது. இவற்றில் மிகக் கொடியது ஏளனம்.

ஏளனம் நம் வீடுகளில் எந்த வடிவில் வரும் என்று சொல்லவே வேண்டாம். "உங்க வீட்டுப் புத்தி எங்க போகும்." "உங்கம்மா சொல்லிக்குடுத்தாங்களா?" பிறந்த வீட்டைத் தொட்டதும் பேச்சின் பொருள் மாறிவிடும். கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்ததில் ஆரம்பித்தது, ஐந்தே நிமிடத்தில் கல்யாணத்தில் பந்தி மரியாதை இல்லாததில் போய் நிற்கும். சிகிச்சையாளர் முதல் வாக்கியத்திலேயே கை நீட்டி நிறுத்தியாக வேண்டும். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் வேண்டும். இருபத்தெட்டு வயதுப் பெண் சிகிச்சையாளர், ஐம்பதை நெருங்கும் சூபர்வைசரை நிறுத்த வேண்டியிருக்கும். அவர் உடனே கேட்பார்: "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" கோபப்படாமலும் தன் படிப்பை ஒப்பிக்காமலும், "ஆகலைன்னா உங்க கஷ்டம் எனக்குப் புரியாதுன்னு தோணுதா சார்?" என்று கேட்கத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே ஒரு வாசலாகிவிடும்.

வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் மனிதனுக்குக் காது கேட்கும், பொருள் ஏறாது. அந்த நிலையில் சமாதானம் பேசுவது வீண். உடம்பு இறங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். செந்தில் மாடிக்குப் போனதில் ஒரு நியாயம் இருந்தது என்று இப்போது புரிகிறது. சொல்லாமல் போனதுதான் கவிதாவைக் கொன்றது. "போங்க. ஆனா 'அரை மணியில வரேன்'னு சொல்லிட்டுப் போங்க. சொன்னபடி இறங்கி வாங்க. வந்ததும் நீங்களே பேச்சை எடுங்க." இவ்வளவு சின்ன ஒப்பந்தம் சில வீடுகளில் பெரிய வேலை செய்யும்.

தம்பதிகளுக்குள் வரும் பிணக்குகளில் 69 சதவீதம் தீரவே தீராத வகை என்பது காட்மனின் கணக்கு. ஒருவர் சிக்கனம், ஒருவர் தாராளம்; ஒருவருக்கு உறவுக்கூட்டம் வேண்டும், ஒருவருக்குத் தனிமை. அதைத் தீர்த்துவைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கும் ஆலோசகரை நம்ப வேண்டாம். அதோடு வாழும் பக்குவத்தைத்தான் இருவரும் கற்றுக்கொள்ள முடியும்.

அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மா

வெளிநாட்டுப் புத்தகங்களில் தம்பதி என்றால் இரண்டு பேர். பாடியில் சந்திப்புக்கு நேரம் கேட்டு போன் செய்வதே பெரும்பாலும் மாமியாரோ, பெண்ணின் அண்ணனோதான். "நான் கூட வரலாம் இல்ல?" என்பார்கள். விடலாமா கூடாதா என்பதற்கு ஒரே விடை கிடையாது.

குடும்பத்தை வைத்தியத்தின் பகுதியாக்கியதில் இந்திய மனநல மருத்துவத்துக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளோடு உறவினர்களையும் வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது அந்தக் காலத்திலேயே வழக்கமானது. குடும்பத்தை எதிரியாகப் பார்க்காத மரபு அது. தம்பதி சிகிச்சையிலும் அதைக் கைவிடத் தேவையில்லை. மாமியார் ஒரு சந்திப்புக்கு வந்து, மகனின் ஷிப்ட் வாழ்க்கையில் பேத்தியைத் தனியாகத் தூக்கி வளர்க்கும் தன் களைப்பைச் சொன்னால் எல்லாருக்கும் அது நல்லது.

அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன் சொன்ன முக்கோணத்தை மட்டும் மறக்கக் கூடாது. இருவருக்குள் இறுக்கம் கூடும்போது மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். செந்திலின் வருத்தம் அம்மாவிடம் போகிறது, கவிதாவின் வருத்தம் அக்காவிடம் போகிறது, இருவரும் ஒருவரிடம் ஒருவர் பேச வேண்டியது நின்றுவிடுகிறது. சில வீடுகளில் அந்த மூன்றாமவர் குழந்தை. 'அப்பாகிட்ட போய்ச் சொல்லு' என்று தூதுபோகும் ஐந்து வயதுப் பிள்ளையைவிடப் பாவம் வேறு யாருமில்லை. சிகிச்சையாளரையும் இந்த மூன்றாம் மூலைக்கு இழுப்பார்கள். சந்திப்பு முடிந்த இரவு வாட்ஸ்அப்பில் வரும்: "மேடம், அவர் முன்னாடி சொல்ல முடியல, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்…"

இதற்கு முதல் நாளே விதி சொல்லியிருக்க வேண்டும். தனியாகச் சொல்வதை என்ன செய்வேன், எதை மற்றவரிடம் மறைத்துவைக்க மாட்டேன், எதைக் காப்பேன் என்று இருவர் முன்னிலையிலும் தெளிவாக்காதவர், என்றாவது ஒருநாள் வேறொரு உறவைப் பற்றிய ரகசியத்தைச் சுமந்துகொண்டு எதிரே ஏமாந்து உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியாமல் தவிப்பார். அதன்பின் அவர் எந்தப் பக்கமும் நிற்க முடியாது.

கை ஓங்கிய வீட்டில்

இரு பக்கமும் நிற்பது என்ற விதி ஓரிடத்தில் செல்லாது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தேசிய அளவு 29 சதவீதம். சிகிச்சை தேடி வரும் தம்பதிகளிலும் இவர்கள் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவரையும் ஒருமுறையாவது தனியாகப் பார்ப்பது கட்டாயம். சண்டை வந்தால் வீட்டில் என்ன நடக்கும், கை ஓங்கியது உண்டா, சம்பளக் கார்டு யாரிடம் இருக்கிறது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றெல்லாம் நேரடியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது: "இங்க பேசினதுக்காக வீட்டுக்குப் போனப்புறம் ஏதாவது நடக்குமா?"

வாக்குவாதம் முற்றி இருவரும் தள்ளிக்கொள்வதும், ஒருவர் மற்றவரை நிரந்தரமாகப் பயத்தில் வைத்து ஆள்வதும் வேறு வேறு என்று சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகையில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து 'மனசைத் திறங்க' என்பது ஆபத்து. அவள் திறந்து சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ராத்திரி கணக்குத் தீர்க்கப்படும். அங்கே தம்பதி சிகிச்சையை நிறுத்திவிட்டு அவளுடைய பாதுகாப்பைப் பார்க்க வேண்டும். 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2006-இல் வந்த விதிகள், ஆலோசனையின்போது எதிர்தரப்பு தன் வன்முறைக்கு நியாயம் சொல்லவே அனுமதிக்கக் கூடாது என்கின்றன. அதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்கவும் சொல்கின்றன. 'அவ அப்படிப் பேசினா, அதான் அடிச்சேன்' என்ற வாக்கியத்துக்கு அந்த அறையில் இடமில்லை. எத்தனையோ பஞ்சாயத்துகளில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

குடி உள்ள வீட்டில் வேறொரு வரிசைமுறை. கணவன் குடித்துக்கொண்டிருக்கும்வரை இருவரின் பேச்சுத்திறனைச் செம்மைப்படுத்துவது பலன் தராது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிறுவனத்தின் மருத்துவமனையில், குடிப்பவருக்கு மட்டுமில்லாமல் வீட்டாருக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் வழக்கம் உண்டு. குடி நின்ற பிறகுதான் பல மனைவிகளுக்குக் கோபமே வெளியே வரும். அதுவரை பயமும் சமாளிப்புமாகவே ஓடியிருக்கும். 'அவர் திருந்திட்டாரே, இவ இப்போ ஏன் கத்தறா' என்று உறவினர்கள் ஆச்சரியப்படுவார்கள். சிகிச்சையாளர் ஆச்சரியப்படக் கூடாது.

கேட்கப்படாத கேள்வி

படுக்கை அறையைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்காமல் பத்துச் சந்திப்பை ஓட்டும் ஆலோசகர்கள் உண்டு. விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்தியபோது வீட்டில் பெரியவர்கள் சேனலை மாற்றினாலும், கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். அந்தக் கூச்சம் இன்னும் கலையவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குப் பிறகும் உடல் உறவே நிகழாத தம்பதி, 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்விக்குப் பயந்து நேராகக் குழந்தையின்மை மருத்துவமனைக்குப் போய்விடுவதும் உண்டு. வலியா, பயமா, ஒருவர் நைட் ஷிப்டும் ஒருவர் பகலுமாக இருந்து ஒரே நேரத்தில் கட்டிலில் இருப்பதே இல்லையா, மூன்று பேர் படுக்கும் அறையில் தனிமை என்பதே இல்லையா? உடல் பற்றிய சொற்களைக் கூசாமல், கொச்சையும் இல்லாமல் தமிழில் பேசப் பழகியிருப்பது சிகிச்சையாளருக்குத் தனிப் பயிற்சி.

ஒருவர் கிளம்பிவிட்டால்

ஒருவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார், மற்றவர் கையைப் பிடித்து இழுக்கிறார். இந்த நிலையில் வரும் தம்பதிக்கு வழக்கமான சிகிச்சை எடுபடாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டோஹெர்ட்டி இவர்களுக்கென்றே ஐந்து சந்திப்புகளுக்கு மேற்படாத ஒரு முறையை வகுத்தார். சேர்த்துவைப்பதும் பிரித்துவைப்பதும் அங்கே நோக்கமில்லை. இதில் என் பங்கு என்ன என்று ஒவ்வொருவரும் தெளிந்து முடிவெடுக்க உதவுவதுதான். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் வழி வந்தது. அதற்கான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், 'எத்தனை கல்யாணத்தைக் காப்பாற்றினேன்' என்று கணக்குச் சொல்லும் ஆலோசகரைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது. பிரிவதானாலும் பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழாவில் இருவரும் ஒரே வரிசையில் உட்காரும்படி பிரிய முடிந்தால், அதற்கும் அதே உழைப்புத்தான் தேவைப்பட்டிருக்கும்.

சிகிச்சையாளருக்கும் ஒரு வீடு இருக்கிறது. ஒரு சாதி, ஒரு மதம், தன் பெற்றோரின் சண்டை பற்றிய நினைவு, ஒருவேளை தானே கடந்துவந்த விவாகரத்து. சாதி மாறிக் காதலித்து மணந்து, இரு வீட்டாராலும் ஒதுக்கப்பட்ட ஜோடி வந்து உட்காரும்போது அவர் முகத்தில் ஓடும் ஒரு சின்னச் சுருக்கத்தை அவர்கள் பார்த்துவிடுவார்கள். ஊர் முழுக்க அந்தச் சுருக்கத்தைப் பார்த்தே பழகியவர்கள் அவர்கள். இதனால்தான் மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் தன் வேலையைத் தொடர்ந்து எடுத்துச்சென்று காட்டுவது இந்தத் தொழிலில் இன்றியமையாதது. முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், தம்பதிகளோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி பெற்றீர்களா, உங்கள் வேலையை யாரிடம் கலந்து பேசுகிறீர்கள், எங்களைத் தனித்தனியாகப் பார்ப்பீர்களா? நல்லவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

பாடிக்கு என்று ஒன்று சொல்ல வேண்டும். 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு தொழிலாளியின் வீடு ஆட்டம் காண்பதை உறவினருக்கு முன்னால் அறிபவர் பெரும்பாலும் அவர்தான். திடீர் லீவு, சம்பள முன்பணம், கேட்டில் வந்து நிற்கும் மனைவி. அந்த அலுவலர் தன் அறையிலேயே இன்னொரு தாய்மாமாவாகிவிடாமல், யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்தவராக இருக்கப் பயிற்சி வேண்டும். அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அங்கேயே தம்பதி சிகிச்சை, கட்டணமில்லாமல், கிடைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் தடையின்றிப் பேச ஓர் அறை. செகண்ட் ஷிப்ட் போகிறவருக்குக் காலையிலும் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்தவருக்கு மாலையிலும் திறந்திருக்கும் நேரம். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஆலைகளும் தொழிற்பேட்டை அலுவலகங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கணவனுக்கும் மனைவிக்கும் மாதத்தில் இரண்டு முறையாவது வார விடுமுறை ஒரே நாளில் வரும்படி ஷிப்ட் போட வேண்டும்.